மடியில் டர்போ

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்குங்க. இதைக் கீழே வைக்கிறதுக்கில்லை. வைத்தால் உருண்டுவிடும். ஒரு தடவை என் சிநேகிதன் ஆறுச்சாமி கால்மேல் உருண்டு, அவன் போன தீபாவளிக்குப் புதுச் செருப்பே வாங்கவில்லை.

குழந்தைன்னு நினைச்சீங்களா? கண்டக்டரும் அப்படித்தான் நினைத்தார். துண்டை விலக்கிக் காட்டினதும், "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார். மடியில் வைத்திருப்பதற்கு எந்த ஊரில் லக்கேஜ் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். முதலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரி இன்னும் அப்படித்தான் பார்க்கிறாள்.

இதற்குப் பேர் டர்போ. உங்களுக்குக் கார் விஷயம் தெரியுங்களா? தெரியாதா, நல்லதாப் போச்சு. தெரிந்தவர்களிடம் பேசுவதுதான் கஷ்டம், பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். இன்ஜினிலிருந்து புகை வருகிறது இல்லையா, அது இந்தப் பக்கத்து விசிறியைச் சுற்றும். இந்த விசிறி அந்தப் பக்கத்து விசிறியைச் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான். இது போர்வெல் லாரியில் இருந்தது. திருச்செங்கோட்டில் வாங்கினேன். இப்போது விசிறி உடைந்துவிட்டது, அங்கேயே கொண்டுபோகிறேன். நீங்களும் செங்கோடுதானா? மலைக்கா? நல்லது. வீட்டில் கூட வரலீங்களா?

என் வீட்டிலும் இப்போது இல்லை. பெருந்துறையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இந்த பஸ் பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துதான் போகும், தெரியும். அது ஒன்றும் பிரச்சினை இல்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளை, சின்னது, கல்யாணத்துக்கு என் மாமனார் கொடுத்தது. கருணாம்பிகைதான் ஓட்டுவாள். கருணாம்பிகை என் சம்சாரம். வீடு கோயமுத்தூரில் கணபதியில். அவள் சரவணம்பட்டியில் ரத்தம் எடுக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குள் போயாக வேண்டும். தினமும் அந்தக் காரில்தான் போவாள். நாற்பதுக்கு மேல் போகமாட்டாள். வெளியூர் போனால் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு ஓட்டத் தெரியாது. அது ஒரு விஷயமே இல்லை.

போன ஆவணியில் என் மச்சான் திருமூர்த்தி பெருந்துறையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். கருணாம்பிகைக்கு ஒரே அண்ணன். தங்கச்சி கையால்தான் பால் பொங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் போய் இறங்குகிறபோது பால் பொங்கி, இறக்கி, சர்க்கரை போட்டு, ஆளுக்கொரு டம்ளர் குடித்து முடித்திருந்தார்கள். மச்சான் வாசலில் நின்றுகொண்டு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் கேட்டார்:

"என்ன மாப்ள, கோயமுத்தூர்ல இருந்து தள்ளிட்டே வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். கருணாம்பிகையும் சிரித்தாள். அவமானத்தை மறைக்கச் சிரித்தாள், எனக்குத் தெரியாதா. அன்றைக்கே மனதில் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்.

வண்டிதான் காரணமான்னு கேக்கறீங்களா? வேறென்னங்க காரணம்? நான் சட்டையை இரண்டாம் தடவை இஸ்திரி போட்டேன், அது கொஞ்ச நேரம். அவிநாசியில் இறங்கி பஜ்ஜி சாப்பிட்டேன். எண்ணெய் காயவில்லை, காத்திருந்தேன். அதெல்லாம் கணக்கில் வருமா? யாரும் செய்கிறதுதான். வேகமான வண்டியாக இருந்திருந்தால் பஜ்ஜியும் தின்றுவிட்டுப் பாலும் காய்ச்சியிருக்கலாம்.

நான் கிரைண்டர் சாமான் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் கடை வாசலில் மூன்று சிநேகிதர்கள் கூடுவார்கள். ஆறுச்சாமி பம்ப் செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். ஷாகுல் வெல்டிங். குப்புராஜ் கரூர்க்காரன், பஸ் பாடி கட்டுகிற ஷெட்டில் இருக்கிறான். மூன்று பேரும் தங்கம். விஷயத்தைச் சொன்னேன்.

"டர்போன்னா என்னடா மயிலு?" என்றான் ஆறுச்சாமி.

இப்போது உங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அட, பம்ப்பு! தண்ணிக்குப் பதிலாக் காத்து. இதுக்கா இத்தனை பேச்சு? பம்ப்புன்னா என்கிட்ட உடு."

"ஸ்பீடாப் போற வண்டின்னா பாடி பலமா இருக்கோணும். அது என்கிட்ட" என்றான் குப்புராஜ்.

ஷாகுல் டீயை ஆற்றிக்கொண்டே, "எதுவா இருந்தாலும் ரெண்டு டாக் வெச்சா நிக்கும்" என்றான். வெல்டிங்கில் ஒரு பொட்டு வைக்கிறதற்கு டாக் என்பார்கள். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். அவன் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்றபோதுகூட அதைத்தான் சொன்னான்.

கருணாம்பிகையிடம் சொல்லாமல் செய்யவில்லை. சொல்லிவிட்டுத்தான் இன்ஜினை இறக்கினோம்.

"வண்டி நல்லாத்தானுங்க ஓடுது" என்றாள்.

"நல்லா ஓடுனாப் போதுமா?"

"போதாதுங்களா?"

பெண்களுக்கு இந்த மாதிரி விஷயங்களைப் புரியவைக்க முடியாது. "எல்லாம் உனக்காகத்தான்" என்றேன். "உங்கண்ணனை ஒரு தடவை ரோட்டுல தாண்டிக் காட்டு, அப்பறம் பேசு."

"எங்கண்ணனை நான் எதுக்குங்க தாண்டோணும்?" என்று கேட்டுவிட்டு, டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரத்தில் கார் வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அவளும் நம்பினாள். மார்கழிக் குளிரில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறபோதுதான் முதல் தடவையாக, "எந்த ரெண்டு வாரமுங்க?" என்று போன் செய்து கேட்டாள்.

வேலை என்றால் சும்மாவா? இதைப் பாருங்க, இது லாரி சாமான். எங்கள் கார் இன்ஜினையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இதுதான் இன்ஜின் மாதிரி இருந்தது. பானெட் மூடவில்லை. ஷாகுல் பானெட்டில் ஓட்டை போட்டு, இதன் வாய் மேலே தெரிகிற மாதிரி நிற்கவைத்தான். முன்னால் ரேடியேட்டருக்கு இடம் பற்றவில்லை, அதைப் பின்னால் வைக்கப் பின் சீட்டை எடுத்தோம். டிக்கியில் தண்ணீர் டிரம் வந்தது. மேலே வாய் திறந்திருக்கிறதே, தூசி போகுமே என்று யோசித்தபோது ஆறுச்சாமிக்குத்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டு இட்லித் தட்டு. ஓட்டை ஓட்டையாக, அளவெடுத்துச் செய்த மாதிரி அப்படியே உட்கார்ந்தது. ஷாகுல் டாக் வைக்கவா என்றான். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு வேண்டும், ஸ்குரூவில் மாட்டு என்று நான்தான் சொன்னேன். அவள் சௌகரியத்தையும் நான் யோசிக்காமல் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். எங்கள் சின்ன இன்ஜின் விடுகிற புகைக்கு இந்தப் பெரிய விசிறி அசையவே இல்லை. நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். குப்புராஜ் ஊதிப் பார்த்தான்.

"பம்ப்புன்னா மோட்டார் வேண்டாமா?" என்றான் ஆறுச்சாமி. மறுநாள் கிணற்று மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, பெல்ட் போட்டு டர்போவோடு சேர்த்துவிட்டான். சமையலறை ஸ்விட்சில் ப்ளக்கை மாட்டினோம். என்ன இழுப்பு தெரியுங்களா! கொடியில் காயப்போட்டிருந்த ஈரத்துண்டு பறந்துவந்து இட்லித் தட்டில் ஒட்டிக்கொண்டது. நான் அழுதே விட்டேன்.

"ரோட்டுல போறப்ப கரண்டு?" என்று ஷாகுல் கேட்டான்.

"வயர் இருக்கற வரைக்கும் போவோம்" என்றான் ஆறுச்சாமி. "பத்தலைன்னா வயரை நீட்டிக்கலாம். தோட்டத்துக்கெல்லாம் எவ்வளவு தூரம் இழுக்கறோம்."

சிரிக்காதீங்க. அது ஆரம்பக் கட்டம். பேட்டரி போடுகிற யோசனையும் இருக்கிறது.

குப்புராஜ் பாடியை முடித்தான். அவன் வேலையைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இடிக்காமல் இருக்க வழுவழு தகடு, பிடித்துக்கொள்ள மேலே கம்பி, மணி அடிக்கக் கயிறு. பெயிண்ட் அடித்தபிறகு கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம், முன் கண்ணாடிக்கு மேலே 'சரியான சில்லறை கொடுக்கவும்' என்று எழுதிவிட்டான். இடதுபக்க சீட்டுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதினான். இரண்டே சீட்டு. இடது பெண்கள் என்றால், வலது யாருக்கென்று எழுத வேண்டியதே இல்லை, பாருங்க.

அன்றைக்குத்தான் கருணாம்பிகையைக் கூப்பிட்டு முழுதாகக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்தாள். இட்லித் தட்டைப் பார்த்தாள். குனிந்து உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"ஓட்டறது யாருங்க?"

"நான்தான்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

"கத்துக்குவேன். நீ ஜம்முனு இந்தப் பக்கம் உக்காரு. உனக்குன்னு சீட்டே எழுதி வெச்சிருக்குது."

திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். நீங்களே சொல்லுங்க, இதில் என்ன தப்பு? நீங்கள் இப்போது கும்பிடப் போகிற சாமியே பாதி ஆண் பாதி பெண். அங்கேயும் இடதுபக்கம்தான் அம்மன். குப்புராஜ் அதற்கு விரோதமாக எழுதவில்லையே. நான் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போயிருந்த நேரம் பையை எடுத்துக்கொண்டு பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டாள். லேபில் லீவு சொல்லிவிட்டாளாம். போகிறவள் சும்மா போகவில்லை. ஸ்குரூவைக் கழற்றி இட்லித் தட்டை எடுத்துக் கழுவி, சமையலறையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டர்போவின் வாய் திறந்து கிடந்தது. நான் ஒரு பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். திருப்பி இட்லித் தட்டை மாட்டியிருக்கலாம். கோபம், மாட்டவில்லை.

வண்டியில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. மச்சான் வீட்டு வாசலில் போய் நிறுத்த வேண்டும். அவர் வெளியே வந்து பார்க்க வேண்டும். ஆறுச்சாமி சொன்னான், "பூஜை போடாம எந்த மோட்டாரையும் நான் முதல்ல ஓட்ட மாட்டேன்." அதுவும் சரிதான். வெள்ளிக்கிழமை சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம், சந்தனம் குங்குமம் வைத்தோம், பூசணிக்காய் தயாராக இருந்தது. குப்புராஜ் கரூரிலிருந்து சொல்லிவைத்து வாங்கிவந்த செவ்வந்தி மாலை, பஸ்ஸுக்குப் போடுகிற நீளம். காரைச் சுற்றி இரண்டு வளையம் வந்தது, மீதியை டர்போ வாய்மேல் குவித்து வைத்தான். பாலிதீன் பையை அவன்தான் உருவினான். சாமி காரியத்தில் பிளாஸ்டிக் கூடாது என்றான்.

"மாலையை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றான் ஷாகுல்.

"சாமிக்குப் போட்டதை ஓட்டறதுக்கு முன்னாடி எடுக்கறதா?" என்றான் ஆறுச்சாமி.

"அப்ப கொஞ்சம் தள்ளியாவது போடுங்க. என்ற வெல்டிங்கு தெரிய மாட்டீங்குது."

"நல்ல நேரம் முடியப் போகுதுடா!" என்று கத்தினான் குப்புராஜ். ஆறுச்சாமி ஓடிப்போய் சமையலறையில் ஸ்விட்சைப் போட்டான்.

மாலை போன வேகத்தை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. முதலில் பாயசம் உறிஞ்சுகிற மாதிரி. பிறகு கடகடவென்று, கிரைண்டரில் கல் விழுந்த மாதிரி. சைலன்ஸர் வழியாக மஞ்சளாக வந்தது. தெருவெல்லாம் செவ்வந்தி வாசம். பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசணிக்காய் உடைத்தால் திருஷ்டி கழியும் என்று உடைத்தோம்.

பிரித்துப் பார்த்தால் விசிறி மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இட்லித் தட்டு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? அதைக் கழற்றினது யார்? நான் அவளிடம் இதைக் கேட்கவில்லை. போனில் எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன்.

அவள் போன் பண்ணாமல் இல்லை. தினமும் பண்ணுகிறாள். "காரு எல்லாம் வேண்டாமுங்க, பஸ்ஸுல வந்து கூட்டிட்டுப் போங்க" என்கிறாள். "நீங்க வந்து கூப்புட்டாப் போதும்" என்கிறாள். எப்படிங்க முடியும்? இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுக் கட்டின வண்டியை விட்டுவிட்டு, பஸ்ஸில் போய் இறங்கினால் மச்சான் என்ன சொல்வார்? கூப்பிடுவதற்கு மட்டும் போக முடியுமா? நானும் தினமும் சொல்கிறேன், "பொறு, கார்லதான் வருவேன்" என்று. இன்றைக்குக் காலையிலும் பேசினாள். லீவு முடிகிறதாம். "இன்னைக்கு வந்தா வாங்க, இல்லாட்டி நானே கிளம்பிருவேன்" என்றாள். சும்மா சொல்வாள். ஆமாம், உன்னிடம் இருந்த வீட்டுச் சாவி எங்கே, ஒரு சாவிதான் என்னிடம் இருக்கிறது என்று கேட்டேன். "நீங்க தினமும் பாக்கற இடத்துலதானுங்க வெச்சிட்டு வந்தேன். இன்னும் பாக்கலையா?" என்றாள். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன், டிவி மேலே பார்த்தேன், என் தலையணைக்குக் கீழேகூடப் பார்த்தேன். இல்லை. அப்படிச் சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

விஜயமங்கலம் தாண்டிட்டோமா? அப்ப பெருந்துறை வந்திரும். ஒரு உதவி பண்ணுங்க, ஸ்டாண்டுக்குள் போகிறபோது நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்க. மச்சான் வீடு பக்கத்தில்தான், யாராவது பார்த்துவிட்டால், பஸ்ஸில் வந்தான் என்று போய்ச் சொல்லிவிடுவார்கள்.

இதை உங்களிடம் காட்டவில்லையே. இருங்க, சட்டைப் பையில்தான் இருக்கிறது. இதுதான் விசிறியை உடைத்த இரும்புத் துண்டு. பூவோடு பூவாக உள்ளே கிடந்தது. ஆறுச்சாமி ஏதோ பின் என்கிறான். ஷாகுல், லாரிக்காரன் உள்ளேயே விட்டுவிட்ட துண்டு என்கிறான். செங்கோட்டில் இதைக் காட்டித்தான் சண்டை போடப் போகிறேன், இப்படியா ஒரு சாமானை விற்பார்கள் என்று. கையில் வாங்கிப் பாருங்க. வளைந்திருக்கிறது, பல் எல்லாம் நசுங்கியிருக்கிறது.

ஸ்டாண்டு வந்திருச்சு. சாய்ஞ்சுக்குங்க.

அட. எதிரில் கோயமுத்தூர் பஸ் நிற்கிறது பாருங்க, பச்சைச் சேலை, கையில் பெரிய பை, முன்படியில் ஏறுகிறாளே. அவள்தான். அவளேதான். சொன்னேன் இல்லையா, அவசரக்காரி. நாலு நாள் பொறுத்திருந்தால் காரிலேயே போயிருக்கலாம்.

என்னங்க? என்ன சொல்றீங்க?

சாவியா? எது?

இப்படிக் குடுங்க. ஆமா, வளையம் மாட்டுகிற ஓட்டை இருக்கிறது. இருங்க, என் சாவி இடுப்பில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வளைந்திருக்கிறது. நசுங்கியிருக்கிறது. மற்றபடி...

தினமும் பார்க்கிற இடம் என்று சொன்னாள்.

இதன் வாயில்தான், வேறு எங்கே வைப்பாள். நான் வேறு எதைப் பார்த்தேன்.

வீடு பூட்டிக் கிடக்கிறதுங்க. அவள் வாசலில் போய் நின்று நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துக் கதவைத் தட்டுவாள். நான் செங்கோட்டில் இருப்பேன். நான் இறங்கறேன். சாவிக்காகத்தான், வேறொன்றுமில்லை. கண்டக்டர், ஒரு நிமிஷமுங்க! ஆள் இறங்கோணும்!

இந்தாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க. கனமாத்தான் இருக்கும், பழகிவிடும். நீங்கள் செங்கோடுதானே போறீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிப் பட்டறை, சென்னியப்பன் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மயில்சாமி கொடுத்தார் என்று சொல்லுங்க. மலைக்குப் போகிற வழிதான். முதலில் இதைக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிட்டால் மனது லேசாக இருக்கும். சண்டையெல்லாம் போட வேண்டாம். அந்தத் துண்டு அங்கே வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும்.

ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்க. கேக்குதா? அதோ, இடதுபக்கம், முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அது பெண்கள் சீட்டு. பரவாயில்லை, நான் நின்றுகொண்டே போய்க்கிறேன். ஏய், கோயமுத்தூர்! இருப்பா! நிறுத்துப்பா!

துண்டை நல்லாச் சுத்திக்குங்க. கண்டக்டர் லக்கேஜ் கேட்டால் கொடுக்காதீங்க. கீழே மட்டும் வெச்சிராதீங்க, உருண்டுரும். மடியிலேயே வெச்சுக்குங்க!